நாலு வேளைச் சீப்பு

கமலாத்தாள்: நாலு தடவையா? ஒரு நாளைக்கா?

கத்தரீனாள்: ஒரு நாளைக்குத்தாம்மா. காலம்பற ஒண்ணு, பத்து மணி போல ஒண்ணு, மத்தியானம்...

கமலாத்தாள்: இரு, இரு. நான் என்ற தலைய ஒருக்காச் சீவறதுக்கே சோம்பிக் கெடக்கறேன். இந்த நாய்க்கு நாலா?

கத்தரீனாள்: இது சீமை நாயில்லா, தொரசாணியம்மா. முடியப் பாருங்க, பட்டு! ராபின், திரும்புலே... அம்மாவுக்குக் காதைக் காட்டு.

கமலாத்தாள்: முதல்ல என்னையத் தொரசாணிங்கறத உடு. எங்கூட்டுக்காரரு இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு மேனேஜரானா நான் வெள்ளைக்காரி ஆயிருவேனா? அதென்ன காதா? தோசையாட்டத் தொங்குது.

கத்தரீனாள்: அதான் சொல்லுதேன். அந்தக் காதை ரெண்டு நாள் பாக்காம விட்டா உள்ள உண்ணி ஏறிரும். தேயிலைக்குள்ள ஓடிட்டு வந்தா அட்டை வேற. பழைய தொரசாணி கப்பலேறப் போகையில எங்கையப் புடிச்சுக்கிட்டு, கத்தரீனா, எம்புள்ளைகள வளத்த மாதிரி இவனையும் பாத்துக்கோன்னு ஓன்னு அழுதாக.

கமலாத்தாள்: நாலு தடவை சீவோணும்னு சொல்லிப்போட்டு அழுதாளா, அழுதுபோட்டுச் சொன்னாளா?

கத்தரீனாள்: அது... அழுகைக்கு நடுவுல.

கமலாத்தாள்: நாட்டுக்குச் சொதந்தரம் வந்து இத்தனை வருசமாச்சு. இந்த நாய்க்கு மட்டும் இன்னும் தொரசாணி சட்டமா?

கத்தரீனாள்: சட்டத்த மாத்துனா முடி கொட்டிருமே, நான் என்ன செய்ய?

கமலாத்தாள்: எங்க கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்துல மூணு நாய் கெடக்குது. மழை பேஞ்சா நனையும், வெயிலடிச்சாக் காயும். யாரு சீப்பெடுத்தா? எங்கப்பாரு சொல்லுவாரு, நாயைக் குளிப்பாட்டி நடுவூட்டுல வெச்சாலும்...

கத்தரீனாள்: அம்மா, அம்மா! மிச்சத்தச் சொல்லிராதிய. அவனுக்குத் தமிழ் நல்லா வெளங்கும்.

கமலாத்தாள்: வெளங்குமா?

கத்தரீனாள்: பின்ன? தொரசாணி வாயில இங்கிலீசு, எவ்வாயில தமிழு. ரெண்டுலயும் வளந்தவன். இப்பமே மூஞ்சி வாடிட்டுது பாருங்க.

கமலாத்தாள்: கொட்டாவி உடுது, அது.

கத்தரீனாள்: துக்கம் வந்தா அவனுக்கு முதல்ல கொட்டாவிதான் வரும்.

கமலாத்தாள்: அட என்ற சாமி! செரி, சீப்ப இப்படிக் குடு. நானும் ஒருக்காச் சீவிப் பாக்கறேன்.

கத்தரீனாள்: பைய, பைய... மேலருந்து கீழ. வயித்துல வேண்டாம், கூச்சம்.

கமலாத்தாள்: சும்மா கெடக்குது பாரு, கல்யாண மாப்பிள்ளையாட்ட! தண்ணி வாக்கறது எப்போ?

கத்தரீனாள்: வாரம் ஒருக்கா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை.

கமலாத்தாள்: அதென்ன சனிக்கெழமை?

கத்தரீனாள்: ஆம்பளப் புள்ளைல்லா. நல்லெண்ணெ தேச்சு, சீயக்காய் போட்டு...

கமலாத்தாள்: எண்ணெயா! நாய்க்கா!

கத்தரீனாள்: உச்சியில ஒரு கை, முதுகுக்கு ரெண்டு கை. பொட்டை நாயின்னா செவ்வா, வெள்ளி.

கமலாத்தாள்: இதும் தொரசாணி சொன்னதுதானா?

கத்தரீனாள்: பின்ன?

கமலாத்தாள்: லண்டன்ல பொறந்தவ, ஆம்பளைக்குச் சனிக்கெழமை, பொம்பளைக்கு வெள்ளிக்கெழமைன்னு சொன்னாளாக்கும்?

கத்தரீனாள்: ...ரொம்ப வருசம் இந்தப் பக்கம் இருந்தவுகம்மா.

கமலாத்தாள்: எண்ணெ தேச்ச அன்னிக்குப் பகல்ல தூங்கப்படாதுன்னும் சொல்லியிருப்பாளே?

கத்தரீனாள்: ஆமாம்மா! உங்களுக்கு எப்படித் தெரியும்? தூங்குனாச் சளி புடிச்சுக்கிடும். அவனும் நானும் வராந்தாவுல முழிச்சு ஒக்காந்திருப்போம். மதியத்துக்கு ரெண்டு பேருக்கும் மொளகு ரசஞ்சோறு.

கமலாத்தாள்: வெள்ளைக்காரி... மொளகு ரசஞ்சோறு... போடச் சொன்னா?

கத்தரீனாள்: மொளகுத்தண்ணி அவுகளுக்கு உசிரில்லா! பெரிய தட்டுல ஊத்தி, கரண்டியால சத்தமில்லாமக் குடிப்பாக. சந்தேகமின்னா சமையக்கார செபாஸ்டினக் கேட்டுப் பாருங்க.

கமலாத்தாள்: செபாஸ்டினக் கேட்டாச்சு.

கத்தரீனாள்: ...கேட்டாச்சா? என்ன சொன்னான்?

கமலாத்தாள்: அப்புறம் சொல்றேன். உள்ள பால் பொங்கற வாசம் வருது. இரு, வந்தர்றேன்.

கத்தரீனாள்: நான் போயிப் பாக்கேம்மா...

கமலாத்தாள்: நீ இரு. உனக்குத்தான் ரெண்டாஞ் சீப்பு நேரமாச்சே.

கத்தரீனாள்: ...போயிட்டாக. ஏலே ராபின்! தூங்காதலே, எந்திரி. அம்மா வரும்போது நீ சொறிஞ்சுக்கிட்டு நிக்கணும், கேட்டியா? நல்லா நாலு சொறி. நீ சொறிஞ்சாத்தான் எனக்குக் கஞ்சி. பங்களாவுல ஆளு சாஸ்தி, ஒருத்தரத் தேயிலைக் கொழுந்தெடுக்க அனுப்பணும்னு புதுத் தொரை, அதான் இந்தம்மா வீட்டுக்காரரு, ஆபீசுல சொன்னாகளாம். யாரை அனுப்புவாக? செபாஸ்டின் போனாச் சோறில்ல. தோட்டக்காரன் பெரியமுத்து போனாப் பூவில்ல. கத்தரீனாள் போனா என்ன இல்ல? உனக்குச் சீப்பில்ல. அவ்வளவுதானலே! இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நான் கூடையத் தூக்கிட்டு அந்த மேட்டுல ஏறுவேனா? பத்தடி ஏறுனா உருண்டுல்லா வருவேன்... மாதாவே, திரும்பத் தூங்குதானே! ஏலே, நன்றி கெட்டவனே! ஒரே ஒரு சொறிலே!

கமலாத்தாள்: யாருகிட்டப் பேசற?

கத்தரீனாள்: இவங்கிட்டத்தாம்மா. இவனுக்கு ஒரே அரிப்பு.

கமலாத்தாள்: கொறட்டை உடுது?

கத்தரீனாள்: அரிச்சு அரிச்சு அசந்துட்டான்.

கமலாத்தாள்: இந்தா, காப்பி.

கத்தரீனாள்: எனக்கா? பின்னால போயிக் குடிச்சுக்கிடுதேம்மா.

கமலாத்தாள்: இங்கியே உக்காந்து குடி. ஆறீரும். ...செபாஸ்டின் என்ன சொன்னான்னு கேட்டயல்ல? வாரத்துக்கு ரெண்டு தடவை சீவினாப் போதும், மாசத்துக்கு ஒருக்காத் தண்ணி வாத்தாப் போதும். அதான் தொரசாணி சொன்னதாம்.

கத்தரீனாள்: அவனுக்கு என்னம்மா தெரியும்? அடுப்படியில கெடக்கவன்...

கமலாத்தாள்: எண்ணெயக் கண்ணுலயே காட்டப்படாதுன்னாளாம்.

கத்தரீனாள்: காப்பி ரொம்பச் சூடும்மா...

கமலாத்தாள்: கத்தரீனா.

கத்தரீனாள்: ம்.

கமலாத்தாள்: என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எத்தனை தடவை?

கத்தரீனாள்: ...ரெண்டு. சிக்கு விழுந்தா மூணு. வாரத்துக்குத்தான். எண்ணெ தேக்கது அவுக போன பொறவு நானா ஆரம்பிச்சது. புள்ளைகள வளத்த கை சும்மா இருக்க மாட்டேங்குது. பொய்தாம்மா சொன்னேன், வேற வழி தெரியல. தொரைகிட்டச் சொல்லிருங்க. கூடையக் கட்டிக்கிட்டு நாளைக்கே போயிருதேன். ஆனா யாரை வச்சாலும் அந்தக் காதை மட்டும் பாத்துக்கிடச் சொல்லுங்க. அது பொய்யில்ல.

கமலாத்தாள்: காப்பியக் குடி மொதல்ல. யாரு உன்னையப் போகச் சொன்னது?

கத்தரீனாள்: தொரை ஆளக் கொறைக்காகளாமே...

கமலாத்தாள்: ஆமா. நாயைப் பாக்கற ஆயாவுக்கு அப்படி என்னதான் சோலி, நல்லா விசாரிச்சுச் சொல்லுன்னு நேத்துப் பொழுதோட என்னையக் கேட்டாரு.

கத்தரீனாள்: விசாரிச்சுட்டியளே.

கமலாத்தாள்: இந்தத் தேவிகுளத்து மலைக்கு நான் வந்து மாசம் ரெண்டாச்சு. வெடியால அவரு தோட்டத்துக்குப் போனாப் பொழுதோடதான் வர்றாரு. சன்னலத் தொறந்தா மஞ்சுமூட்டம், மூடினா இருட்டு. கிளப்புக்கு வர்ற பொம்பளைக பேசறது எனக்கு வெளங்கறதில்ல, நான் பேசறது அவளுகளுக்கு ஆகறதில்ல. எங்கூருல இருந்தா இந்நேரத்துக்கு எத்தனை வாய் பேசியிருப்பேன்! சிரிச்சே எத்தனை நாளாச்சு, தெரியுமா? இன்னிக்கு நீ மொளகுத்தண்ணின்னப்ப எனக்கு அடக்க முடியல. உள்ள ஓடிப் போயிச் சிரிச்சுப்போட்டு வந்தேன். பாலும் பொங்குல, ஒண்ணும் பொங்குல.

கத்தரீனாள்: யாத்தாடி! நான் உசிரக் கையில புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்...

கமலாத்தாள்: நீயும் போயிட்டா நான் இந்தச் செவுத்தோடதான் பேசோணும். போகப்படாது, ஆமா.

கத்தரீனாள்: தொரைகிட்ட என்னம்மா சொல்லுவிய?

கமலாத்தாள்: வெடியாலயே சொல்லிப்போட்டேன்.

கத்தரீனாள்: வெடியாலயேவா! அப்பம் இம்புட்டு நேரம் என்னைய வறுத்தெடுத்தது எதுக்கு?

கமலாத்தாள்: நீ எத்தனை வரைக்கும் போறேன்னு பாக்கத்தான். நாலோட நின்னுட்டயே! நான் அஞ்சுன்னு சொல்லியிருக்கறேன்.

கத்தரீனாள்: அஞ்சா! மாதாவே... நம்புனாகளா?

கமலாத்தாள்: நம்பினாரு. ஆனா, அஞ்சு தடவை சீவினாலும் அரைநாள் சோலிதானே, மிச்ச அரைநாளைக்குக் கொழுந்தெடுக்கட்டும்னாரு.

கத்தரீனாள்: அதானே பாத்தேன்...

கமலாத்தாள்: எனக்கு வந்துச்சே கோவம்! அப்ப நம்ம பூனைய யாரு சீவறதுன்னு கேட்டுப்போட்டேன்.

கத்தரீனாள்: பூனையா? நம்ம பங்களாவுல ஏதும்மா பூனை?

கமலாத்தாள்: அதத்தான் அவரும் கேட்டாரு. பொழுதோட வந்து பாக்கறேன்னு போயிருக்கறாரு. காப்பியக் குடிச்சுப்போட்டு, கூலிக்காரங்க குடியிருக்கற லயத்துப் பக்கம் போயி ஒண்ணப் புடிச்சாந்துரு, முடி நெறையா இருக்கறதாப் பாத்து.