ஏர்லன்ராத்தின் நிலவறை

தங்கச்சி, நான் மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல வேண்டும் அல்லவா. தொண்டை காய்ந்தால் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் வைத்தியநாதன். இங்கே லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், தவநாயகி அக்கா வீட்டு மேல்மாடி அறையில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் அவரைக் கடைக்குக் கூட்டிப்போவேன். குழாய் ஒழுகினால் திருத்துவேன். அவருடைய கணவர் பாலேந்திரா அண்ணையும் நானும் 1986இல் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போய் அகதி விண்ணப்பம் போட்டவர்கள். எங்களை ஏர்லன்ராத் என்ற சின்னக் கிராமத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்த ஊரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அதன் அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. சுரங்கம் என்றால் குகை அல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே பள்ளம். கோபுரத்தைவிட உயரமான இயந்திரம் ஒன்று, பெரிய சக்கரத்தில் வாளிகளைக் கோத்துக்கொண்டு, மண்ணை வழித்தபடி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஊர்ச் சனத்துக்கு வேறிடத்தில் அதே பெயரில் புது ஊர் கட்டிக் கொடுத்தார்கள். செத்தவர்களைக்கூடத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் விட்டுப்போன வீடொன்றில் எங்களைப் போட்டார்கள். வேலை செய்யக் கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. காயப்போட்ட உடுப்பில் தூசி படியும். வாரத்துக்கு ஒரு வீடு இல்லாமற் போகும். பள்ளத்துக்கு நகர அனுமதி இருந்தது, எங்களுக்கு இல்லை.

அடுத்த ஒக்டோபரில் அக்கா லண்டனிலிருந்து ஓர் ஒழுங்கு செய்தார். லண்டனுக்கு வரும் காரில் ஓரிடம்.

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை" என்று கேட்டேன்.

"ஒராளுக்குத்தான் இடம், வைத்தி. நான் போய் உனக்கும் ஒரு வழி செய்யிறன்."

நல்ல மனிதர். செய்திருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். எப்போது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

கார் வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று அந்த ஊர்த் தேவாலயத்தில் கடைசிப் பூசை. புது ஊருக்குப் போனவர்களும் திரும்பி வந்து கூடியிருந்தார்கள். அண்ணை தன் பெட்டியை நிலவறையில் ஒளித்து வைத்திருந்தார். அதை எடுக்க இறங்கினார். பழைய வீட்டுக்காரர் அங்கே அப்பிள் வைத்துப் பூட்டுவாராம். கதவு தடித்தது, இரும்புத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். கோபத்தில் அல்ல. அவரோடு எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை.

முதலில் சிரித்தார். "டேய், விளையாடாதை. கார் நிக்குது" என்றார். பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. கடைசி மணி என்பதால் நெடுநேரம் அடித்தார்கள்.

மேசையில் இருந்து ஒரு கடிதம் எழுதினேன். நாங்கள் இருவரும் போய்விட்டோம், வீட்டில் ஒருவரும் இல்லை, தேட வேண்டாம். அதிகாரிகளுக்கு வீண் அலைச்சல் வேண்டாமே என்று நினைத்தேன். இரண்டு பெயரையும் நானே போட்டு, கடிதத்தையும் வீட்டுத் திறப்பையும் அகதி அலுவலகத் தபால் பெட்டியில் போட்டேன்.

"நீரோ பாலேந்திரா?" என்று கார்க்காரர் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

இங்கே வந்து, அண்ணை வேறு ஏஜென்டோடு கனடாவுக்குப் போகப் பார்க்கிறார், தன் இடத்தை எனக்குத் தந்தார் என்று அக்காவுக்குச் சொன்னேன். அவர் எனக்குச் சோறு போட்டார். மேல் அறையைத் தந்தார். வருடக்கணக்காக அந்தக் கனடாக் கடிதத்துக்குக் காத்திருந்தார். கடைசியில் எனக்குச் சொல்லாமல் ஜெர்மனிக்கு எழுதியிருக்கிறார். போன கிழமை பதில் வந்தது, என் கடிதத்தின் பிரதியோடு. அதைச் சமையலறை மேசையில் விரித்து வைத்தார்.

"இது அவற்ற கையெழுத்து இல்லை, வைத்தி. அவர் எங்கை?"

 அக்காதான் உங்களுக்கு டெலிபோன் எடுத்தார்.

அதிகாரி கேட்பது நியாயம். ஓம், வீட்டை இடிக்கிற நாள் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை ஏழு மணி. எங்களை ஆறு மணிக்கு அலுவலக வான் வந்து ஏற்றுவதாக இருந்தது; வான்காரர் புறப்பட முதல் அந்தத் தபால் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார். அந்த அறிவித்தலை அண்ணைக்கு வாசித்துக் காட்டியதே நான்தான், அவருக்கு ஜெர்மன் ஓடாது. ஞாயிறு பின்னேரம் பெல்ஜியத் துறைமுகத்தில் டெலிபோன் பெட்டி இருந்தது. சில்லறையும் வைத்திருந்தேன். மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். ஆட்களை இடித்துக்கொண்டு முன்னுக்குப் போவது என் பழக்கமில்லை.

இப்போது தேடி ஒன்றும் கிடைக்காது. அந்த வீடு நின்ற இடத்தில் நிலமே இல்லை. எல்லாவற்றையும் வாளிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தங்கச்சி. நான் காரில் ஏறும்போது மணி நின்றுவிட்டது. அண்ணை கதவில் தட்டுவது தெருவரைக்கும் கேட்டது. அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை அவருக்குச் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார். எட்டு வருடமாக அந்த வேதனை அண்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டவன் நான்.