பச்சை சர்வர் அனுப்பிய வெள்ளச் செய்தி

என் பெயர் சிக்னே ராஸ்முசன், வயது பதினைந்து. மினசோட்டா மாநிலம் எல்ம்ஃபோர்டு, மில் தெருவில் அம்மாவுடனும் அண்ணன் ஐவருடனும் வசிக்கிறேன். வீட்டில் இருவரும் தூங்கிய பின் இதை எழுதுகிறேன். அண்ணனுக்குத் தெரியாது.

அண்ணன் நகர அலுவலக இணையதளத்தைக் கவனிக்கும் ஒப்பந்தப் பணியாளர். ஊர் மக்களின் போன்களுக்கு அவசரச் செய்தி அனுப்புவதும் அந்தத் தளம்தான். ஆறு பெருகும் காலம் என்பதால், தளத்தை நிறுத்தாமல் புதிய சர்வர் கணினிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த பழையதை நீலம் என்றும், அதை நகலெடுத்து அமைத்த புதியதைப் பச்சை என்றும் அழைத்தார். பச்சையைச் சோதித்த பின் மக்களை அந்தப் பக்கம் திருப்புவது, கோளாறு வந்தால் உடனே நீலத்துக்கே திருப்புவது என்பது ஏற்பாடு.

சனிக்கிழமை அலுவலகத்தில் நானும் இருந்தேன். வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பது விதி. பச்சையின் பக்கங்களை நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. மக்கள் அப்போதும் நீலத்தில்தான் இருந்தார்கள். அதன் பிறகு பக்கத்து வீட்டு மிஸஸ் நுட்சன் சாப்பாடு கொண்டுவந்தார். அண்ணன் வாசலுக்குப் போய்ச் சூடான பாத்திரத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். அப்போது எங்கள் மூவரின் போன்களும் அலறின. ஆற்றின் கரை உடைந்துவிட்டது, எல்லோரும் பள்ளி மேட்டுக்குப் போங்கள் என்று செய்தி வந்திருந்தது.

"ஏண்டா, ஊரே முழுகுதாம், நீ உருளைக்கிழங்கைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிற?" என்றார் மிஸஸ் நுட்சன்.

"ஆன்ட்டி, நான் எதையும் அனுப்பலயே!"

அதன் பிறகு காரணம் தெரிந்தது. முந்தைய வாரம் வெள்ள ஒத்திகைக்காகத் தீயணைப்பு அதிகாரி எழுதி, தானாகவே போகும்படி நேரம் குறித்து வைத்த செய்தி அது. ஒத்திகை ரத்தானதும் நீலத்தில் அழித்தார்கள். அதற்குள் நகல் எடுக்கப்பட்டிருந்ததால் பச்சையில் தங்கிவிட்டது. யாரும் வராத சர்வர் வெளியே செய்தி அனுப்பும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் பச்சையின் வாயை அடைத்துவிட்டு, நீலத்திலிருந்து மறுப்பு அனுப்பினார். நாய்களையும் கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவருக்கும் அடிபடவில்லை. அதைக் கேட்டதும் அண்ணன் தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன உருளைக்கிழங்கைக் கையாலேயே அள்ளித் தின்றார்.

மறுநாள் அவர் வீட்டிலிருந்தே மக்களைப் பச்சைக்கு மாற்றினார். நான் ஆற்றின் நீர்மட்டப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்ப மாத்தப் போற?"

"மாத்தியாச்சு, லூசு. நீ இப்பப் பாக்குறதே பச்சைதான்."

இருவரும் நெடுநேரம் சிரித்தோம்.

அதன் பிறகு திங்களன்று துணை ஷெரிஃப் டாலி விசாரணைக்காக வீட்டுக்கு வந்தார். "போன மாசம் நகரக் கவுன்சில் கூட்டத்துல சண்டை போட்டுக் கத்துன ஆளு நீதான? பட்டனை அமுக்காம மெசேஜ் எப்படித் தம்பி போகும்?" என்று கேட்டார். அந்தக் கோபத்தில் அண்ணன் வேண்டுமென்றே அனுப்பினார் என்பது அவர் சந்தேகம். அண்ணன் தான் தனியாக இருந்ததாகச் சொன்னார். மிஸஸ் நுட்சனை விசாரித்தால் நானும் அங்கிருந்தது தெரிந்து வேலை போய்விடும் என்பதால் அவர் பெயரையும் சொல்லவில்லை.

வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். செய்தி போன நேரத்தில் அண்ணன் எந்தப் பட்டனையும் தொடவில்லை. மிஸஸ் நுட்சனைக் கேளுங்கள். அவர் என்னையும் பார்த்தார்.

நான் கண்டதை மட்டும், யாரும் சொல்லித் தராமல் எழுதிக் கையொப்பமிடுகிறேன். நாளை பள்ளிக்குப் போகும் வழியில் ஷெரிஃப் அலுவலகத்தில் நானே கொண்டுவந்து கொடுப்பேன்.

சிக்னே ராஸ்முசன்