தட்டைப் பக்கம் மேலே

ரெடியூசர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, சார். தெரியாததில் குற்றமும் இல்லை. பெரிய குழாயைச் சின்னக் குழாயோடு சேர்க்கிற எஃகுத் துண்டு அது. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். அதில் ஒரு வகைக்கு ஒரு பக்கம் மட்டும் சரியும்; எதிர்ப்பக்கம் தட்டையாக நேரே ஓடும். நீராவிக் குழாயில் அந்தத் தட்டைப் பக்கத்தைக் கீழே வைத்துத்தான் வெல்டிங் செய்ய வேண்டும். குளிர்ந்த குழாயில் பட்ட ஆவி தண்ணீராகும். அது தங்காமல் ஓட வேண்டும். தட்டைப் பக்கம் மேலே போனால் குறுகுகிற இடத்தில் தண்ணீர் தேங்கும். பின்னால் வேகமாக வரும் ஆவி அதை அப்படியே வாரிக்கொண்டு போய் எதிரில் இருக்கும் வால்வில் அறையும். பைப் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

நான் திருவள்ளூர்க்காரன். பெயர் எம்பார். அப்பா கோவில் கைங்கரியத்தில் இருந்தவர். தீர்த்தம் முதலில் அவருக்குத்தான் கொடுப்பார்கள். ஒரு உற்சவத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் சாகும்வரை கோவில் பக்கம் போகவில்லை. ஒரு உத்தரணித் தண்ணீருக்கு இவ்வளவு ரோஷமா என்று நான் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதனால் மரியாதைக்கு அலைகிறவன் என்று என்னை நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

கும்மிடிப்பூண்டியில் இந்தத் தவிட்டெண்ணெய் ஆலை எழுபத்து நாலில் எழும்பியபோது குழாய் வேலை முழுக்க என் பொறுப்பு. மேனேஜர் துளசிராமன் பார்க்கும்போதெல்லாம், "மொதல் ஸ்டீம நீங்கதான் தொறந்து உடணும், எம்பார்" என்பார். பூசை போட்டு, கற்பூரம் காட்டி, எல்லார் எதிரிலும் மாலையோடு நின்று வால்வைத் திறப்பது சின்ன விஷயமில்லை. நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். என் மனைவி அம்புஜவல்லியிடம் சொன்னேன். அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பூசைக்கு முந்தின நாள், மறுநாள் திறக்கப்போகிற வால்வுக்கு முன்னால் வரும் கடைசி ரெடியூசரைத் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து முட்டுக்கொடுத்திருந்தேன். துளசிராமன் வந்தார். "பாய்லர் ஆளு தேசப்பன் கையால தொறக்கட்டும்னு மொதலாளி சொல்லிட்டாரு. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

தேசப்பன் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரன். நெல் வயலை அண்ணன்மார்களிடம் விட்டுவிட்டு பாய்லருக்கு வந்தவன். நல்லவன். அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்று துளசிராமனிடம் சொன்னேன். அவர் போன பிறகு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ரெடியூசரை அரைச் சுற்றுத் திருப்பினேன். தட்டைப் பக்கம் மேலே வந்தது. பிறகு வெல்டிங் செய்தேன், எப்போதும்போல் நிதானமாக. சாயந்திரத்துக்குள் சூடு காக்கும் பூச்சுப் பூசுகிறவர்கள் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.

புதுக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூடாக்க வேண்டும். ஆனால் மறுநாள் பூசை செய்பவர் தாமதமாக வந்தார். ராகுகாலம் நெருங்கிவிட்டது என்று எல்லாரும் பறந்தார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற தேசப்பன் என்னைப் பார்த்ததும் மாலையைக் கழற்றப் போனான்.

"நீங்க வாங்க சாமி. மாசக்கணக்கா வெயில்ல குந்திக்கினு பைப்பு கட்டுனது நீங்க. நான் தொறந்தா நல்லா இல்ல" என்றான்.

எல்லார் எதிரிலும் சொன்னான், சார். துளசிராமன்கூடத் தலையாட்டினார். நான் ஆசைப்பட்டதே அதைத்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவன் பார்த்துக் கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா? அதுவும் அந்த வால்வையா?

"உனக்குன்னு சொன்னது. நீயே தொற. நல்ல நேரம் போயிண்டிருக்கு, ஒரேயடியாத் தொறந்துடு" என்றேன். சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வால்வு பிளந்தது. அவன் அலறினானா என்று கேட்டீர்கள். ஆவிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மாலைப் பூ வெந்து அவன் தோலோடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. வால்வு மட்டும் உடையும், அவனுக்குத் தலைகுனிவு வரும், அவ்வளவுதான் என்று நினைத்ததாகச் சொல்லலாம். பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை.

துக்கத்துக்கு அவன் ஊருக்குப் போயிருந்தேன். அவன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க வெச்ச வெல்டிங் உட்டுப்போச்சாமே சாமி. உங்கள அவ்ளோ ஒசத்தியா பேசுவாரே" என்றாள். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. நேற்று ஆலை வாசலில், ஆட்கள் அத்தனை பேர் எதிரில், வெல்டிங்தான் விட்டிருக்கும் என்று விசாரிக்க வந்த நீங்களும் சொன்னீர்கள். அப்போதுதான் உங்களைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பூச்சை உடைத்துப் பாருங்கள். ரெடியூசரின் இரண்டு முனையிலும் நான் போட்ட வெல்டிங் மயிரிழைகூட விட்டிருக்காது. அவ்வளவு பெரிய அடியைத் தாங்கி நின்றிருக்கிறது. துளசிராமனைக் கூப்பிடுங்கள், ஆட்களையும் கூப்பிடுங்கள், அந்தப் பெண்ணையும் வரச்சொல்லுங்கள். எல்லார் எதிரிலும் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். தேசப்பனைக் கொன்றது நான்தான், சார். என் வெல்டிங் இல்லை.