அடுப்பு இன்னும் காயலை

அந்த நாற்காலி வேண்டாம் அத்தை, அதுக்கு மூணு கால்தான். நிக்கறாப்பல இருக்கே, அது செவத்தோட தயவு. இப்படி இந்தப் பெட்டி மேலே ஒக்காருங்கோ. என் கல்யாணப் பெட்டிதான், தாங்கும். தூசியா? தூசி இல்லாத எடம் இந்தச் செம்பூராத்துலே எங்கே இருக்கு, சொல்லுங்கோ! காத்தாலே தொடைச்சேன். குளிச்சுட்டு வந்து தொடைச்சேன். வாசல்லே உங்க குடையைப் பாத்ததும் புடவைத் தலைப்பாலே ஒரு தடவை தொடைச்சேன். சுண்ணாம்பு ஆகாசத்துலேந்து கொட்டறது. நேத்திக்குச் சாதத்துலே கடுக்குன்னு ஒண்ணு... ரேஷன் அரிசியோட கல்லுன்னு நெனச்சேன். கல்லு இல்லை, செவராக்கும்.

மாட்டுங்காலேந்து, குர்லாலே வண்டி மாறி, இந்தப் பம்பாய் மழையிலே வந்திருக்கேள். எதுக்குன்னு எனக்குத் தெரியாதா என்ன? உங்க மன்னி கார்டு போட்டிருப்பா. 'நாணு ஆத்துலே சமையலுள் ஆச்சான்னு ஒரு நடை போய்ப் பாத்துட்டு எழுது'ன்னு. இல்லையா பின்னே? சிரிக்கறேளே! என் மாமியாரை எனக்குத் தெரியாதா? பாலக்காட்டுலே பெட்டியைக் கட்டி வெச்சுண்டு, வடாம் டப்பாவை மடியிலே வெச்சுண்டு ஒக்காந்திருப்பா. அடுப்புப் போட்டாச்சுன்னு நீங்க எழுதினா அடுத்த வண்டி. ஆனி முடியறதுக்குள்ளே வந்து பால் காச்சிடணும். ஆடி பொறந்துட்டா அப்புறம் புது அடுப்பாவது பாலாவது... ஆவணி வரைக்கும் பேச்சே கிடையாது.

இருங்கோ, ஸ்டவ்விலே காப்பி போட்டுத் தரேன். பால் தண்ணிதான், கோச்சுக்காதேங்கோ.

எல்லாத்துக்கும் காரணம் அந்த வெயிலுமுத்துதான் அத்தை. கொத்தன். தாராவிலேந்து வரான், திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. மாசியிலே ஆரம்பிச்ச வேலை! ஒரே ஒரு சமையலுள். இதுக்குள்ளே ஒரு கோவிலே கட்டிக் கும்பாபிஷேகம் பண்ணிடலாம். மொதல்லே என்ன பண்ணினான், கேளுங்கோ. இந்த ஊர் பேஷனாம், இடுப்பு ஒசரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை. நின்னுண்டே சமைக்கலாமாம். இவர் அரை நாள் லீவு போட்டு, பர்மிட்டுக்கு வரிசையிலே நின்னு வாங்கிண்டு வந்த சிமெண்டு. மழமழன்னு நன்னாத்தான் இருந்தது. அப்புறம் பாத்தா, அதுலே சமைக்கறவா மேற்கே பாத்துண்டு நிக்கணும்! அப்படிச் சமைக்கலாமோ? இடின்னாச்சு.

யார் சொன்னாளா? யாரோ சொன்னா. அக்கம்பக்கத்துலே யாராவது சொல்லுவாளில்லையா?

அப்புறம் கிழக்கே பாத்து, தரையோட தரையா, மண் அடுப்புப் போட்டான். கொல்லைக் கதவு நேரே இருக்கு, மழை பெய்ஞ்சா ஜலம் உள்ளே வந்துடும், அடுப்புலே கெண்டை பிடிக்கலாம்னு... அதையும் இடிக்கச் சொல்லியாச்சு. அவன் என்னையே பாக்கறான். 'என்னம்மா, நேத்துக் கட்டச் சொன்னிய, இன்னிக்கு இடிக்கச் சொல்லுதிய, நாளைக்கு மறுபடி கட்டச் சொல்லுவிய, எனக்கு ஒண்ணும் வெளங்கலியே'ங்கறான். என்ன வாய் பாருங்கோ!

இல்லை அத்தை, இந்த ஆத்து லட்சணமே அப்படித்தான். மழைக்கு ஒதுங்கக்கூட ஒருத்தரும் நுழையாத எடம். யுத்தத்துலே பட்டாளத்துக்காரா இருந்தாளாம். அவா போனப்புறம் எலியும் பெருச்சாளியும் இருந்தது. அப்புறம் நாங்க. பழுது பாத்துண்டு நீங்களே இருந்துக்கோங்கோன்னு வீட்டுக்காரர் சாவியைக் குடுத்துட்டார். அந்த ஜன்னலைப் பாருங்கோ, கண்ணாடிக்கெல்லாம் கறுப்புச் சாயம். ஏரோப்ளேன்காரனுக்கு வெளிச்சம் தெரியப்படாதுன்னு அப்போ அடிச்சது. உங்க நாணுதான் தெனம் ஆபீஸ்லேந்து வந்து, பழைய பிளேடை வெச்சுண்டு சொரண்டறார். ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு. நேரே சொரண்டத் தெரியாதோ? கோணாமாணான்னு ஓட்டை போட்டு, அதிலேந்து நெலா தெரியறதான்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டறார். நான் கறிகாய் நறுக்கறதை விட்டுட்டு எழுந்து போகணும். அப்புறம் அவர் நறுக்கறார், நான் சொரண்டறேன்...

ஐயோ. அவர் கறிகாய் நறுக்கறார்னு உங்க மன்னிக்கு எழுதிடாதேங்கோ அத்தை. சேனைக்கிழங்கு மட்டும்தான். எனக்குக் கை அரிக்கும்னு.

சிரிக்கறேள். சிரிங்கோ. கப்பல் ஏறலைன்னு பேரே தவிர இது பரதேசம்தானே? ஸ்டேஷன்லே எங்கம்மா அழுத அழுகைக்கு, போர்ட்டர் வந்து எந்த ஊருக்குக் கப்பல்னு கேட்டான்! வந்து எறங்கினா பாஷை தெரியாது. கீரைக்காரி கிட்டே வெரலைக் காட்டறேன், அவ வெரலைக் காட்டறா, ரெண்டு ஊமை சண்டை போடறாப்பல இருக்கும். பக்கத்தாத்து மராட்டிக்கார அம்மா ரொம்ப நல்லவ. நான் தமிழ் பேசறேன், அவ மராட்டி பேசறா, ரெண்டு பேரும் தலையை ஆட்டிண்டு வந்துடறோம். அந்தப் பக்கம் வெறும் பனைமரம்தான். மனுஷ வாடையே கெடையாது.

என்ன? பின்னே மேடை மேற்கே பாத்து இருக்குன்னு சொன்ன அக்கம்பக்கத்துக்காரா யாரா?

...காப்பி ஆறறது அத்தை.

இந்தக் கூரை ஓட்டைப் பாத்தேளா? புது ஓடு. அதை மட்டும் பாவி, ஒரு வாரத்துலே மாத்திட்டான். பாவின்னா சொன்னேன்? ஒழுகாம இருந்தா நல்லதுதானே! முன்னாடி ஒழுகிண்டிருந்தப்போ கேக்கணும். ராத்திரி மழை வந்தா எழுந்து, இருக்கற பாத்திரம் எல்லாத்தையும் கீழே பரத்தி வெப்போம். அண்டாவுலே விழறது ஒரு மாதிரி கொம்முங்கும். கிண்ணியிலே விழறது டிங்குங்கும். உங்க நாணுவுக்குச் சங்கீதம் எவ்வளவு வரும்னு உங்களுக்குத் தெரியும். அவர் அண்டாதான் ஸாங்கறார். நான் இல்லை, பருப்பு உருளிதான்னு... இதுக்குப் போய் ஒரு சண்டை. அப்புறம் சிரிப்பு. பாத்திரத்தை எடம் மாத்தி மாத்தி வெச்சுண்டு விடியற வரைக்கும்... ஓடு மாத்தினப்புறம் மழை எங்கேயோ வேற யாராத்து மேலேயோ பெய்யறாப்பல இருக்கு. தூக்கமே வரலை.

சும்மாச் சொல்றேன். வெறுதே.

உங்க மன்னியை நான் ஒரு குத்தம் சொல்ல மாட்டேன் அத்தை. தங்கமாக்கும். நான் ஜுரத்துலே கெடந்தப்போ ராத்திரி பூரா விசிறிண்டு ஒக்காந்திருந்தா. யார் செய்வா? ஆனா அவா இருமினா இவர் எழுந்து நின்னுடுவார். தெரியுமோல்லியோ? பள்ளிக்கூடத்துப் பையனாட்டம். யுத்தத்துலே பம்பாய்லே குண்டு விழப் போறதுன்னு என்னை அழைச்சுண்டு வரவே இல்லை. தாலி கட்டினது எப்போ, நான் இங்கே வந்தது எப்போ! லீவுலே வந்தா நாலு நாள். அந்த நாலு நாளும் ஆத்துலே எத்தனை பேர்! பகல்லே இவர் மொகத்தை நான் நேருக்கு நேர் பாத்ததே கெடையாது. வெத்தலை மடிச்சுக் குடுக்கறச்சே வெரல்தான் தெரியும். இங்கே வந்து எறங்கினப்புறம்தான், சூரிய வெளிச்சத்துலே, இடது புருவத்துலே ஒரு சின்னத் தழும்பு இருக்குன்னு கண்டுபிடிச்சேன். என்னதுன்னு கேட்டேன். சின்ன வயசுலே நீங்கதான் ஊஞ்சலை வேகமா ஆட்டி விட்டேளாம். கம்பி பட்டுதாம். நெஜமா?

உங்களுக்கே மறந்துடுத்தா! அவருக்கு மறக்கலை.

உங்க மன்னி வரட்டும். வரணும். அவா வந்து அடுப்புலே பால் காச்சினாத்தானே குடித்தனம் வெச்சதுக்கு அர்த்தம்? மடி சமையலுள் இல்லாம அவாளாலே எங்கே வந்து இருக்க முடியும்? அது நியாயம்தானே? வந்தா இருப்பா. இங்கேயேதான் இருப்பா. ஊர்லே அவாளுக்கு வேற யார் இருக்கா? அப்புறம் இவர் ஆபீஸ்லேந்து வந்தா நேரே அம்மா கிட்டே போய் ஒக்காந்துடுவார். நான் கதவுக்குப் பின்னாலேந்து டம்ளரை நீட்டுவேன். பிளேடு... சேனைக்கிழங்கு... சரி, அதெல்லாம் எப்பவும் இருக்கற சமாசாரமா என்ன? எல்லாராத்துலேயும் அப்படித்தான்.

உங்காத்துலேயும் அப்படித்தானே அத்தை. நீங்க கல்யாணமாகி வந்து எறங்கினப்போ, மாட்டுங்காலே அந்த ரெண்டு ரூம்லே மாமியார், மச்சினன்மார், அவாளோட சம்சாரம்... மாமா உங்க கிட்டே பேசி நான் கேட்டதே இல்லை. சண்டை ஒண்ணும் இல்லை, தெரியும். அன்னிக்கு அப்பளம் இட்டுண்டிருக்கறச்சே நீங்கதான் சொன்னேள். 'பேசிப் பழகறதுக்கு முன்னாடி வயசாயிடுத்துடி'ன்னு. சொல்லிட்டுச் சிரிச்சேள். நானும் சிரிச்சேன். ஆத்துக்கு வந்து படுத்துண்டப்புறம்தான் அது காதிலே விழுந்தது.

என்னமோ பேசறேன். காப்பியைக் கீழே வெச்சுட்டேள், போறுமா? வாங்கோ, வந்த காரியத்தைப் பாத்துடுங்கோ. தலையைக் குனிஞ்சுக்கோங்கோ, நெலை சின்னது. பட்டாளத்துக்காரா எப்படி நுழைஞ்சாளோ!

இதான் அடுப்பு. இன்னிக்குக் காத்தாலே முடிச்சான். கிழக்கே பாத்துண்டு ஒக்காரலாம். ஜலம் வராம ஒரு முழம் ஒசத்தி மேடை. பக்கத்துலே ஒட்டினாப்பல சின்னதா ஒரு கோடி அடுப்பு வேற. மண்ணு கும்பார்வாடாவிலேந்து, பானை பண்ணற மண்ணு. வெள்ளைக் கோலம்கூடப் போட்டுட்டேன். ஒரு குத்தம் சொல்ல முடியாது. நானும் காத்தாலேந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டேன், ஒண்ணும் அகப்படலை.

ஆமாம். அகப்படலை.

வெயிலுமுத்து கெட்டவன் இல்லை அத்தை. மேடை கெட்ட மேடையும் இல்லை. மராட்டிக்கார அம்மா ஒண்ணும் சொல்லவும் இல்லை. கெண்டை மீனும்... நான் சொன்னதுதான். எல்லாம் நான் சொன்னதுதான். நேத்திக்கு அவன் கையெடுத்துக் கும்பிட்டுட்டான். 'அம்மா, இன்னொருக்க இடிக்கச் சொன்னிய, நான் ஐயா கிட்டச் சொல்லிப்புடுவேன், ஆமா'ன்னு. அப்புறம் என்ன பண்றது? சரி, முடின்னேன்.

இவருக்குத் தெரியுமான்னா? தெரியும்னுதான் தோணறது. ரெண்டாந்தரம் இடிச்சப்போ அந்த மண்ணையே பாத்துண்டு நின்னார். 'பாவம், அன்னிக்கு அந்தச் சிமெண்டு, இன்னிக்கு இந்த மண்ணு'ன்னார். அவ்வளவுதான். இன்னிக்கு ஆபீசுக்குக் கெளம்பறச்சே இங்கே வந்து எட்டிப் பாத்தார். செருப்பை மாட்டிண்டார், கழட்டினார், மறுபடியும் மாட்டிண்டார். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, ஜன்னல்லே நகத்தாலே கொஞ்சம் சொரண்டிட்டுப் போனார்.

எழுதிடுங்கோ அத்தை. உங்களைப் பொய் எழுதச் சொல்ல நான் யார்? அடுப்பு ஆயாச்சு, நன்னா இருக்குன்னு எழுதிடுங்கோ. உங்க மன்னி சந்தோஷப்படுவா. எனக்கும் ஒத்தாசையாச்சு. ஒரு நல்ல வத்தக்குழம்பு வெக்கக்கூட எனக்கு இன்னும்... என்ன பண்றேள்? அத்தை, அது ஈரம்! காத்தாலே பூசினது, அதுலே கையை வெச்சு... ஐயோ, அழுத்தாதேங்கோ! பாத்திரம் வெக்கற குமிழ்... கோடி அடுப்பு அப்படியே சரியறதே! அத்தை! தடுக்கி விழலையே நீங்க? நன்னா நின்னுண்டுதானே...

என்ன?

காயலைன்னா?

இந்த மழையிலே காயாதுன்னா... ஈர அடுப்புலே பால் காச்சப்படாதுன்னா எழுதப் போறேள்? நாலு நாள்லே இதைச் சரி பண்ணி... முடியாதா? ஆடி... ஆவணிலே பாத்துக்கலாம்னா? நீங்களே பாத்தேன்னு, உங்க கையாலே தொட்டுப் பாத்தேன்னு எழுதிடுவேளா?

...

வளையலெல்லாம் மண்ணு அத்தை. அப்படியே போயிடாதேங்கோ. கொல்லைக்கு வாங்கோ, கையை நீட்டுங்கோ. நான் ஜலம் விடறேன்.