முதல்ல ஒரு ஆள் படியேறணும்

இல்ல கண்ணு, ஜன்னல் பக்கம் நீயே உக்காரு. எனக்கு எதுக்கு ஜன்னல்? இந்தக் கடல நான் பாக்காத நாளா? ஆமா, நான் இந்தத் தீவுக்காரிதான். இங்கயே பொறந்து, இங்கயே வாக்கப்பட்டு, இங்கயே கெழவியும் ஆயிட்டேன். சிரிக்காத. தீவுக்காரி தீவச் சுத்திக் காட்டற வண்டில ஏறக்கூடாதுன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கா? அரை நாள் சுற்றுலா, மதியச் சாப்பாட்டுக்குள்ள துறைமுகத்துல திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவோம்னு பலகைல போட்டிருந்தான். சரி, நாமளும் ஒரு தடவ பாத்துடுவோமேன்னு ஏறிட்டேன்.

டிரைவர் கண்ணாடி வழியா என்னையே பாக்கறான் பாரு. அவன் பேரு சகரியாஸ். என் வீட்டுக்காரரோட சித்தப்பா பையன், எங்களுக்கு எதிர்வீடு. காலைல படில கால் வச்சதுமே, அண்ணி, சந்தைக்குப் போற வண்டி அந்தப் பக்கம் நிக்குதுன்னான். தெரியும், நான் இதுலதான் வரேன்னேன். அண்ணி, இது வெளியூர்க்காரங்களுக்குன்னான். நானும் இன்னிக்கு வெளியூர்க்காரிதான், தள்ளுடான்னேன். அப்பலேர்ந்து ரோட்டப் பாக்காம என்னப் பாத்து ஓட்டறான். இந்த மலைப்பாதைல அது நல்லதுக்கில்ல.

சும்மா ஊர் பாக்கவா வந்தீங்கன்னு கேக்கற. சும்மா இல்ல. உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்கு ஒரு சின்ன உதவி வேணும். கடைசியா நிக்கறது எங்க ஊர்லதான், மலை மேல. அங்க முக்கால் மணி நேரம் விடுவாங்க, காபி குடிக்க, கடை பாக்க. அந்த முக்கால் மணி நேரத்த எனக்குக் குடு. பயப்படாத. எங்கிட்ட விக்கறதுக்கு லேஸ் துணியும் இல்ல, வாடகைக்கு விட அறையும் இல்ல. என்ன விஷயம்னு அங்க போறதுக்குள்ள சொல்லிடறேன்.

உன் கிரேக்கம் நல்லாத்தான் இருக்கு. மெல்போர்ன்லதான பொறந்தேன்னு சொன்ன? அம்மாகிட்டக் கத்துக்கிட்டதா? அதான். கப்பலேறிப் போனவங்க பேச்சு அப்படியே இருக்கு, உப்புத் தண்ணில போட்டு வச்ச ஆலிவ் மாதிரி. நீ சொன்னியே, கைவிளக்குக்கு ஒரு வார்த்தை, அத இங்க இப்ப யாரும் சொல்றதில்ல. கேட்டதும் எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சு. இல்ல, திருத்திக்காத. அப்படியே வச்சுக்கோ.

மைக்ல பேசறாளே அந்தப் பொண்ணு, ஸ்தமாத்தியா, அவ லாரிசாக்காரி. கடலே இல்லாத ஊரு. ரெண்டு கோடையா இங்க வரா. இப்ப அந்தப் பழைய காத்தாலையக் காட்டி என்ன சொன்னா, கேட்டியா? கடல்ல போன காதலனுக்காக ஒரு பொண்ணு அங்க தினமும் விளக்கு ஏத்தி வச்சாளாம். அந்த ஆலை என் மாமனாரோடது கண்ணு. அவரு அதுல பார்லி அரைச்சாரு. உள்ள விளக்கு ஏத்தினா மாவு தீப்பிடிச்சுக்கும்னு எங்களக் கிட்டயே விட மாட்டாரு. ஆனா அவ சொல்றது அழகாத்தான் இருக்கு. எனக்கே ஒரு நிமிஷம் அந்தப் பொண்ண நினைச்சுப் பாவமா இருந்துது.

இறங்கு இறங்கு, மடம் வந்துடுச்சு. தோள மூடிக்கோ, இந்தா என் சால்வை.

பாத்தியா, உள்ள எவ்வளவு குளுமை. ஏன் அந்தப் படத்துக்கு அவ்வளவு பூன்னுதான கேட்ட? இன்னிக்கு அந்தப் புனிதையோட நாள். அதத்தான் ஸ்தமாத்தியாவும் சொன்னா, நீங்கல்லாம் குடுத்து வச்சவங்கன்னு. பூசை விடியல்லயே முடிஞ்சு கூட்டம் கலைஞ்சுடும். நமக்கு மெழுகுவத்தி வாசனதான் மிச்சம். அந்தக் கன்னியாஸ்திரி என் கையப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்கன்னா? ஒண்ணுமில்ல. வயசானவங்க, பாத்தா நாலு வார்த்தை சொல்லுவாங்க.

அந்த மிட்டாய் ஒண்ணு எடுத்துக்கோ, மரியாதைக்கு. ரெண்டாவது வேண்டாம். சொல்றேன்ல, வேண்டாம். வயிறு கொஞ்சம் காலியா இருக்கட்டும். ஏன்னு கேக்காத, வா, வண்டி கிளம்பப் போகுது.

இந்தக் கருங்கல்லுக் கடற்கரைல எல்லாரும் இறங்கி ஃபோட்டோ எடுப்பாங்க. நீ போகலியா? வெயிலா? சரி, அப்ப ரெண்டு பேரும் உள்ளயே இருப்போம்.

இங்கதான் நான் அவரு கப்பலுக்குக் கையாட்டுவேன். அர்கிரிஸ், என் வீட்டுக்காரரு. சரக்குக் கப்பல்ல வேலை. துறைமுகத்துலேர்ந்து கிளம்பினா கப்பல் இந்த முனையச் சுத்திக்கிட்டுதான் போகும். அவரு மேல் தளத்துல நின்னு துண்ட ஆட்டுவாரு. அது அவருதானா, சமையல்காரனான்னு இங்கேர்ந்து தெரியாது. யாரா இருந்தா என்னன்னு நானும் ஆட்டுவேன். வருஷத்துல பாதி நாள் தனியாத்தான் இருந்தேன். ஆனா அந்தத் தனிமை வேற மாதிரி. வர வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்காரு, இன்னும் வரல, அவ்வளவுதான். வீட்டுக்கு அது தெரியும். கதவுக்குக் கூடத் தெரியும். இப்ப நாலு குளிர்காலம் ஆச்சு அவரு போயி. இப்பவும் அதே வீடு, அதே மாதிரிதான் நான் தனியா இருக்கேன். ஆனா யாரும் வர வேண்டியதில்ல.

புள்ளைங்க இல்ல கண்ணு. அது பரவால்ல, பழகிடுச்சு.

ஊர்ல ஆள் இல்லையான்னா, இருக்காங்க. ரொம்ப நல்லவங்க. அதுதான் கஷ்டமே. கெட்டவங்களா இருந்தா சண்டை போடலாம்.

எல்லாரும் ஏறியாச்சு, வண்டி கிளம்பிடுச்சு. உங்க வீட்டுல பேருநாள் கொண்டாடுவீங்களா? அம்மா பண்ணுவாங்களா? கேக் வெட்டி, எல்லாருக்கும் ஃபோன் போட்டுக் கூப்பிட்டா? அது அந்த ஊர் வழக்கம். இங்க பொறந்த நாள யாரும் கண்டுக்கறதில்ல. எந்தப் புனிதர் பேர வச்சிருக்கமோ அவரு நாள்தான் நமக்கும் நாள். அன்னிக்கு யாரையும் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டா கேவலம். பலகாரம் செஞ்சு, கதவத் திறந்து வச்சுட்டு உள்ள உக்காந்துக்கணும். பேரு எல்லாருக்கும் தெரியும், நாளும் தெரியும், வருவாங்க. பழப்பாகு ஒரு கரண்டி, குளுந்த தண்ணி ஒரு டம்ளர், பாதாம் பலகாரம் ஒண்ணு. வந்தவங்க வாழ்த்திட்டு, சாப்பிட்டு, ஊர்க்கதை பேசிட்டுப் போவாங்க. அவரு இருந்தப்ப எங்க வீட்டுப் படில உக்கார இடம் இருக்காது. சகரியாஸ் பொண்டாட்டி எவ்லாம்பியா இருக்காளே, அவ எங்க சமையல்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டே எங்க வீட்டு விருந்தாளிங்களத் திட்டுவா, இதுங்களுக்கு வீடு வாசல் இல்லையான்னு.

அவரு கண்ண மூடின வருஷம் நான் கொண்டாடல. துக்க வீட்டுல பண்ண மாட்டாங்க. இந்த வருஷம் இல்லன்னு காபிக்கடைல ஒரு வார்த்தை சொல்லிவிட்டா போதும், ஊருக்கே தெரிஞ்சுடும். நானும் சொல்லிவிட்டேன். அதுதான முறை. அன்னிக்குக் கதவ மூடி வச்சேன். எவ்லாம்பியா சூப்பு வச்சு வாசப்படில வச்சுட்டு, கூப்பிடாமப் போயிட்டா. தங்கமான மனுஷி.

அதுக்கு அடுத்த வருஷம் திறந்தேன். பாதாம் உரிச்சு, அரைச்சு, பன்னீர் தெளிச்சு, எல்லாம் செஞ்சேன். தரையக் கழுவினேன். உக்காந்தேன். யாரும் வரல. ஜன்னலுக்குக் கீழ எவ்லாம்பியா யாருகிட்டயோ சொல்றது கேட்டுது. பாவம், காத்துக்காகக் கதவத் திறந்து வச்சிருக்கா, நீ போயித் தொந்தரவு பண்ணாதன்னா. நான் கறுப்புதான உடுத்தியிருந்தேன். அவங்க மேல என்ன தப்பு? அடுத்த வருஷம் கறுப்பு முக்காட்ட எடுத்துட்டு சாம்பல் நிறத்துல ஒண்ணு கட்டிக்கிட்டேன். முக்காட்டப் பத்தி ஊரே பேசுச்சு. படி ஏறத்தான் ஆள் இல்ல.

சொல்லிவிடலாமேன்னுதான கேக்கற? இந்த வருஷம் இல்லன்னு சொல்றதுக்கு முறை இருக்கு கண்ணு. இந்த வருஷம் உண்டுன்னு சொல்ல முறை கெடையாது. சொன்னா அது கூப்பிட்ட மாதிரி. கூப்பிட்டு வந்தவங்க வந்தவங்களா? ஒரே ஒரு ஆள் படியேறினா போதும், மத்தவங்க பின்னாலயே வந்துருவாங்க, எனக்கு நல்லாத் தெரியும். ஆனா முதல் ஆளா ஏற எல்லாருக்கும் பயம். துக்கத்தக் கலைச்ச பாவம் நமக்கு எதுக்குன்னு. எல்லா வீட்டு ஜன்னல்லயும் எவளாவது நின்னு என் கதவையே பாத்துக்கிட்டிருப்பா, வேற எவளாவது முதல்ல போறாளான்னு.

போன வருஷம் ஒரு காரியம் பண்ணேன். சொன்னா சிரிப்ப. சாயங்காலம் ஆகியும் யாரும் வரல, சரி, வெளியூர்க்காரங்க யாரையாவது உள்ள கூட்டிட்டு வந்துட்டா ஊரு பாத்துக்கட்டும்னு சதுக்கத்துக்குப் போனேன். இதே மாதிரி ஒரு வண்டி நின்னுது. ஒரு மனுஷன் கையப் பிடிச்சு, வாங்கன்னேன். அவனுக்கு பாஷை தெரியல. நான் வீட்டப் பக்கம் கை காட்டறேன், வாய்கிட்டக் கை கொண்டுபோய் சாப்பிடற மாதிரி காட்டறேன். அவன் என்ன பண்ணான் தெரியுமா? பையத் துழாவி என் உள்ளங்கைல காசு வச்சுட்டு, தோளத் தட்டிட்டுப் போயிட்டான்.

சிரி, பரவால்ல. நானும் வீட்டுக்கு வந்து சிரிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு.

அப்பதான் எனக்குப் பட்டுது, முதல்ல பழகணும். நின்ன இடத்துல பிடிச்சா பிச்சைக்காரின்னுதான் நினைப்பாங்க. கூட உக்காந்து வந்தா, பேச நேரம் கிடைக்கும். காலைல வண்டில ஏறினதும் பாத்தேன். எல்லாரும் ஜோடி ஜோடியா இருந்தாங்க. நீதான் பக்கத்து சீட்டுல பைய வச்சுக்கிட்டு இருந்த. நானும் ரொம்ப நாளா பக்கத்து நாற்காலில பைய வச்சுக்கறவதான். அதான் வந்து உக்காந்தேன். நீ வாயத் திறந்ததும் நம்ம பாஷை. பாத்துக்கோ.

முறைப்படி உன்னக் கூப்பிடறதும் தப்புதான். ஆனா வழிப்போக்கருக்கு வீடு இந்தப் பக்கம்னு காட்டறது அழைப்பு ஆகாது. ராத்திரியெல்லாம் யோசிச்சு இப்படி ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன்.

வளைவு வந்துடுச்சு, நான் இறங்கணும். ஆமா, இங்கயேதான். சகரியாஸ்கிட்ட இந்த இடத்துல நிறுத்துன்னு மட்டும் சொல்லி வச்சேன். ஏன்னு கேக்கல அவன், கண்ணாடியத் துடைக்க ஆரம்பிச்சுட்டான். வண்டி மலையச் சுத்திக்கிட்டு வரும். பழைய கழுதைப்பாதைப் படி நேரா மேல போகும். நான் பின்பக்கமா ஏறி உங்களுக்கு முன்னால வீட்டுக்குள்ள போயிடுவேன். வீட்டுக்காரி உள்ளதான இருக்கணும். விருந்தாளியக் கையோட கூட்டிட்டு வந்து இறங்கினா நல்லா இருக்காது.

கேட்டுக்கோ. சதுக்கத்துல இறங்கி, காபிக்கடைக்கு எதிர்ல இருக்கற சந்துல வா. கதவு நிறத்தப் பாக்காத, எல்லாக் கதவும் நீலம்தான். எண்ணெய் டின்ல சிவப்புப் பூச்செடி வச்ச படி என்னோடது. எதிர்ல ரெண்டு மூணு பேர் பீன்ஸ் உரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்களப் பாத்து சிரிக்க வேண்டாம், நேரா ஏறு. கொஞ்சம் சத்தமா ஏறு. செருப்பு தட்டட்டும்.

தட்டாத, கதவு விடியல்லேர்ந்து திறந்துதான் இருக்கு. நான் இல்லாதப்ப யாராவது வந்திருந்தாலா? வந்திருந்தா நல்லதாச்சே. பலகாரத் தட்டுல ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும்.

உள்ள வந்ததும் பல்லாண்டு வாழ்கன்னு சொல்லு, பேரையும் சேத்து. ஜன்னலப் பாத்து சொன்னாலும் தப்பில்ல.

என் பேரா? பாரு, காலைலேர்ந்து பேசறேன், அதச் சொல்லவே இல்ல. தெக்லா. மடத்துல அவ்வளவு பூ வச்சிருந்தாங்களே, அந்தப் புனிதையோட பேருதான்.

சால்வைய நீயே வச்சுக்கோ. வரும்போது கொண்டு வா.