தலைவர் முகம் பதித்த தீனிக் கிண்ணம்

ஹலோ... ஆமா, அக்காதான். இருடா, நீ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு முக்கிய அறிவிப்பு. கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களின் திருமுகம் பதித்த நூறு தீனிக் கிண்ணங்களும், ஓரம் கீறிய ஒன்று நீங்கலாக, சூளையிலிருந்து நலமே வெளிவந்தன. அவற்றை உடைத்து நொறுக்கத் தலைவர் உத்தரவிட்ட செய்தியை, சங்கச் செயலாளராகிய என் உடன்பிறந்த தம்பி சொல்லவில்லை. கிண்ணங்களை ஏற்ற வந்த வண்டிக்காரர் சொன்னார்...

ஆமா, காலையிலேயே சொல்லிட்டார்... நீ சொல்றதாதான் இருந்தியா? எப்ப, உடைச்சு முடிச்சப்புறமா?

சரி, இப்பவாவது சொல்லு. ஏன் உடைக்கணும்?... ம்... மாதிரிக்குக் கொண்டுபோனியே, அதையா?... நேத்து கூட்டத்துல, எல்லார் முன்னாடியுமா வெச்சீங்க?... ஆடு என்ன பண்ணிச்சு?... காலை வெச்சுதா. எங்க, நெத்தியிலயா?... ஆடுன்னா கிண்ணத்துல காலை வைக்கும்டா. அதுக்கு நெத்தி தெரியுமா, பதவி தெரியுமா... கோழி?... ம்... ம்... அது தின்ன இடத்துலயே போகும், உனக்குத் தெரியாதா... நான் சிரிக்கலை. இருமல்.

ஆமா, ஆமா, அவமானம்தான். முகத்தை உள்ள, அடியில போடாதீங்க, வேணும்னா வெளிப்பக்கம் பேரை எழுதிக்கலாம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேனா இல்லையா?... அப்ப என்ன சொன்னார் உங்க தலைவர்? ஒவ்வொரு ஜீவனும் வயிறு நிறைஞ்சதும் அவர் முகத்தைப் பாத்து நன்றி சொல்லணும்னார். ஆடு சொல்லிடுச்சு. கோழியும் சொல்லிடுச்சு. இன்னும் என்ன குறை?

குறுக்க பேசாத... நீ செயலாளரா இருந்தா அங்க இரு. அந்த மூஞ்சிக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? அச்சை மூணு தடவை மாத்தினேன். தாடைச் சதையைக் குறைன்னார், குறைச்சேன். மூக்கு எடுப்பா இல்லைன்னார், ஏத்தினேன். இன்னும் ஏத்துன்னார். இப்ப கிண்ணத்து நடுவுல குன்று மாதிரி நிக்குது. மீசை இடுக்குல தீனி சிக்கி எறும்பு வரும், வழிச்சிடலாமான்னு கேட்டதுக்கு ஒரு வாரம் என்கூடப் பேசலை அந்த மனுஷன். ஒவ்வொண்ணையும் கையால அழுத்தி எடுத்தேன்டா. கண்ணை மூடினா அந்த மூஞ்சிதான். உங்க மாமாகூட என் கனவுல இத்தனை தடவை வந்ததில்லை.

...என்ன சொன்ன?... மண்ணுதானேவா? இது அவர் சொன்னதா, நீ சொல்றதா?... நீயா. நல்லது. இனிமே சாப்பிட வா, தரையிலயே பரிமாறறேன். தட்டு எதுக்கு, மண்ணுதானே.

ஆளுங்க கிளம்பிட்டாங்களா?... சுத்தியலோட... வரட்டும், தாராளமா வரட்டும். கொட்டகை திறந்தேதான் கிடக்கு. உள்ள உடைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை.

...இல்லைன்னா இல்லைதான்... பதறாத, சொல்றேன். வண்டிக்காரர் விஷயத்தைச் சொல்லிட்டு நிக்கிறப்ப, மாட்டுக்கு ஊசி போட டாக்டரம்மா வந்தாங்க. ஓரம் கீறின கிண்ணத்துல நம்ம நாய் தின்னுட்டு இருந்துச்சு. அது எப்படித் திங்கும்னு தெரியுமில்ல? ரெண்டே வாயில முழுங்கிட்டு அப்படியே வாந்தி எடுக்கும். இன்னைக்கு அந்த மூக்கைச் சுத்திச் சுத்தி நாக்கை விட்டு, நிதானமாத் தின்னு முடிச்சுது. வாந்தியே இல்லை. அவசரக்கார நாய்க்கெல்லாம் நடுவுல தடை வெச்ச கிண்ணம்தான் கொடுக்கணுமாம். காப்பகத்து நாய்ங்களுக்காக அவங்க தேடிட்டு இருந்தாங்களாம். அதே வண்டியில ஏத்தி மொத்தத்தையும் அனுப்பிட்டேன். உடையறதுக்கு அது தேவலைதானே?

...ஆமா, எல்லாத்துலயும் அவர் முகம்தான்... ஆமா, தெருநாய்ங்கதான்... அதை நீ பக்குவமா எடுத்துச் சொல்லு... பக்கத்துலயே இருக்காரா?... கேட்டுட்டாரா... சரி, அவர்கிட்ட குடு.

வணக்கம் தலைவரே... ம்... ம்... ஆமா... உங்க கோபம் நியாயம்தான்... இல்லைங்க, உங்க பேரை நான் சொல்லவே இல்லை... சத்தியமா, அவங்க கேட்கவும் இல்லை... எப்படிக் கேட்காம இருப்பாங்கன்னா... அது முகம்னே அவங்களுக்குத் தெரியலைங்க. அடுத்த சூளையில அந்த மேடு மட்டும் போதுமாம், சுத்தி இருக்கிற கோடெல்லாம் வேண்டாம்னாங்க.