உயிரோடு இருந்தவனுக்குச் சுட்ட ரொட்டி

நெருங்கி உட்காருங்கள். கதவுக்கு யாரும் முதுகைக் காட்டாதீர்கள். இது எங்கள் வகுப்பு அய்பேரியின் அண்ணனுக்கு நடந்தது. அவளே சொன்னாள்… சொல்லி முடிக்கும்வரை என் கையை விடவேயில்லை.

காலை ஐந்தரை மணி. ஜனவரி. ஓஷ் நகரத்துக்குள் போகும் பழைய பஞ்சாலைச் சாலை. இரண்டு பக்கமும் மொட்டைப் பாப்ளர் மரங்கள். ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் இல்லை. அய்பேரியும் அண்ணன் தாலாயும் மட்டும் நடக்கிறார்கள். காலடியில் பனி நொறுங்குகிறது.

தாலாய் ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவன். எட்டு மாதமாகத் தொடவில்லை. அதற்குப் பதிலாக மருத்துவமனையின் பின்பக்க ஜன்னலில் தினமும் காலையில் மெதடோன் என்ற மாற்று மருந்தை ஊற்றிக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். நர்ஸ் கண்ணெதிரே குடித்து, வாயைத் திறந்து காட்டி, கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு மடக்கு கிடைத்தால் அன்றைக்கு அவன் மனிதன். கிடைக்காவிட்டால்… மறுபடி ஊசிதான்.

முந்தின நாள் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'இப்பதானே குடிச்சிட்டுப் போனே' என்று. அதனால்தான் இன்று ஒரு மணி நேரம் முன்னதாக, சாட்சிக்குத் தங்கையோடு.

"மூக்கைத் துடைண்ணா. அசிங்கமா ஒழுகுது."

"மருந்து இல்லன்னா அப்படித்தான் ஒழுகும். நீ கணக்குல பெயிலாகாம இரு, அது போதும்."

அப்போதுதான் அந்தச் சத்தம். முன்னால், இருட்டில். ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுபட்டு… தப், சர்ர்ர். தப், சர்ர்ர்.

தாலாய்க்கு இடது கால் இழுக்கும். ஊசி குத்திய இடத்தில் சீழ் பிடித்து அறுவை செய்த கால். அய்பேரி திரும்பி அவன் காலைப் பார்த்தாள். அவன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

விளக்குக் கம்பத்தடியில் ஒருவன் தெரிந்தான். அண்ணனுடைய அதே நீலக் கோட்டு. முதுகில் அதே கிழிசல். இருவரும் ஓடினார்கள். எவ்வளவு ஓடியும் இடைவெளி குறையவில்லை. காற்றில் பருத்திக்கொட்டை எண்ணெய் காயும் வாடை…

மருத்துவமனை ஜன்னலில் நர்ஸ் நசீபா அக்கா, தாலாய் பெயருக்கு நேரே இருந்த கையெழுத்தைக் காட்டினாள். மை இன்னும் காயவில்லை.

"அக்கா, இவன் என்கூடத்தான் வந்தான். சத்தியமா."

"ரெண்டு தடவை கொடுத்தா மூச்சு நின்னுடும்டி. அடுத்த வாரம் தலைநகர்ல இருந்து சோதனைக் குழு வேற வருது. 'அரசாங்கமே போதை ஊத்திக் கொடுக்குது, மூடு'ன்னு அங்க தினமும் சண்டை. இப்ப ஒரு தப்பு நடந்தாலும் ஜன்னலுக்குப் பூட்டுதான். போங்க கண்ணுங்களா."

வீட்டுக்கு வந்ததும் அய்பேரி அந்த எண்ணெய் வாடையைப் பற்றிச் சொன்னாள். அம்மா புருலின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் நழுவியது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வியாழக்கிழமை எண்ணெயில் ஏழு ரொட்டி சுட்டு, செத்தவர்கள் பெயரைச் சொல்லி ஓத வேண்டும். அந்த வாடையைத்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள்.

"டிவியைத் தூக்கிட்டுப் போய் வித்துட்டு, பஜார்ல விழுந்து கிடந்தியே… மூணு வருஷம். கேட்டவங்ககிட்ட எல்லாம் என் மகன் செத்துட்டான்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி…" அம்மா குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். "உன் பேரையும் சேர்த்து ஓதிட்டேன்டா. மூணு வருஷமும். நீ திருந்தின பிறகும் பேரை எடுக்கல."

தாலாய் சிரித்தான். பல் கிடுகிடுத்தது. "அதான் அவன் நல்லா இருக்கான். எனக்கு ஒரு ரொட்டி போட்டிருந்தா நானும் இருந்திருப்பேன்."

"வியாழக்கிழமை வரட்டும். பேரை எடுத்துடறேன். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ."

அன்று செவ்வாய். இரண்டு நாள்.

புதன்கிழமை காலையிலும் அவன் மருந்து இல்லாமல்தான் திரும்பினான். பகல் முழுக்கக் கொட்டாவி, வாந்தி. எலும்புக்குள் யாரோ திருகுவதுபோல் கால்களை உதைத்துக்கொண்டான். இரவு எட்டு மணிக்கு எழுந்து கோட்டை மாட்டினான். அய்பேரி கதவை மறித்தாள்.

"போகாதே."

"நாளைக்கு வரைக்கும் என்னால முடியாதுடி." அவளை மெல்ல நகர்த்திவிட்டுப் போனான்.

நடுராத்திரி வெளிக்கதவு திறந்தது. தப், சர்ர்ர். அண்ணன் வந்து மேசையருகே உட்கார்ந்தான். நடுக்கம் இல்லை. மூக்கு ஒழுகவில்லை. பக்கத்தில் போனால் எண்ணெய் வாடை.

விடிந்ததும் போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். போலீஸ். ஆற்றுப் பாலத்தடியில் ஒரு பிணம், கையில் ஊசி, பாக்கெட்டில் தாலாயின் பாஸ்போர்ட். அடையாளம் காட்ட வர வேண்டும்.

அம்மா மேசைப் பக்கம் பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவனும் அம்மாவைப் பார்த்தான்.

"என் மகன் வீட்லதான் இருக்கான்," என்றாள் அம்மா. "பாஸ்போர்ட்டை எவனோ திருடிட்டான்." போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஏழு ரொட்டி சுட்டாள். ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஓதினாள். தாலாயின் பெயரை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் குழு வந்தது. மருந்து குடிப்பவர்களோடு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றார்கள். அம்மா அய்பேரியைத்தான் அனுப்பினாள். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர்கள் பட்டியலைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இதை எப்படி மூடறது? நல்லா நடக்குதே." தாலாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய பிறகு கையைக் கோட்டில் தேய்த்து, தேய்த்துச் சூடேற்றிக்கொண்டார்.

அண்ணனோடு முன்பு மருந்துக்கு வந்துகொண்டிருந்த கூபா என்பவன் அய்பேரியின் பக்கத்தில் வந்து நின்றான். அவளால் அடக்க முடியவில்லை.

"அண்ணா… அது எங்க அண்ணன் இல்ல."

"கத்தாதே தங்கச்சி. தெரியும். வாயைத் திறந்தா ஜன்னலை மூடிடுவாங்க. அப்புறம் மிச்சம் இருக்கற நாங்க எங்க போறது?" அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "ஊர்ல உங்கம்மா ஒருத்தங்கதான் அப்படி ரொட்டி சுட்டாங்கன்னு நினைச்சியா?"

அய்பேரி வரிசையைப் பார்த்தாள். நல்ல பனி. மருந்துக்கு முப்பத்தொரு பேர் நின்றிருந்தார்கள்.

மெல்ல எண்ணினாள். வாயிலிருந்து மூச்சுப் புகை வந்தது பத்தொன்பது பேருக்குத்தான்.